இருபத்தொன்றாவது பிழை

அந்தப் பயிற்சி மையத்தில் சேர்ந்த மறுவாரமே, பெற்றவர்கள் வைத்த பெயர் பிள்ளைகளை விட்டுப் போய்விடும். முதல் மொழித் தேர்வில் எந்தக் குறியை அதிகமாகக் கோட்டை விட்டாயோ, அதுதான் இனி உன் பெயர். கேள்விக்குறி போட மறந்துகொண்டே இருந்த நெட்டைப் பையன் கொக்கி ஆனான். கண்ணாடிக் கடைக்காரர் மகள் அரைப்புள்ளி ஆனாள். தொடர்ந்து மூன்று தேர்வில் அந்தத் தப்பைச் செய்யாவிட்டால் பழைய பெயர் திரும்பக் கிடைக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அரைப்புள்ளி ஐந்து தேர்வாகச் செய்யவில்லை. அவர் மறந்துவிட்டார். அவரிடம் போய் என் பெயரைக் கொடுங்கள் என்று கேட்க அவளுக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?

கல்லூரி நுழைவுத் தேர்வில் மொழித்தாள் சின்னதுதான், அறுபது கேள்வி. ஆனால் ஆளைக் கவிழ்ப்பது அதுதான். கணக்கிலும் அறிவியலிலும் எல்லோரும் முட்டி மோதி ஏறத்தாழ ஒரே மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஒரு ஒற்று, ஒரு காற்புள்ளி, இவ்வளவில் ஒருவன் உள்ளே போய்விடுவான், ஒருத்தி வெளியே நிற்பாள். போன வருஷம் அரைப்புள்ளி அப்படித்தான் இரண்டு மார்க்கில் வெளியே நின்றாள். "போதும், கடையில உட்காரட்டும், கண்ணாடி துடைக்கட்டும்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அம்மாதான் தம்பி என்றும் பார்க்காமல் அவரை வாசல் வரை விரட்டினாள். "என் பொண்ணு இன்னொரு தடவை எழுதுவா. உனக்கு வயித்தெரிச்சலா இருந்தா மோர் குடி" என்றாள். அந்த இன்னொரு தடவைதான் இது. இதற்கு அப்புறம் ஒன்று கிடையாது.

மையத்தில் இரண்டு அறை. இரண்டாவது அறையில் நாற்பது பேர், ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். முதல் அறையில் பன்னிரண்டே நாற்காலி. கடைசி இரண்டு மாதம் மாஸ்டர் அவர்களுக்கு மட்டும்தான் பாடம் எடுப்பார். போன வருஷம் அந்தப் பன்னிரண்டு பேரும் கல்லூரிக்குப் போனார்கள். நாற்பது பேரில் போனது மூன்று பேர். இப்போது முதல் அறையில் ஒரு பெண் ஊர் மாறிப் போய்விட, ஒரு நாற்காலி காலி. சனிக்கிழமை காலைத் தேர்வில் முதலாவதாக வருகிறவருக்கு அது என்று மாஸ்டர் அறிவித்துவிட்டார். கொக்கியா, அரைப்புள்ளியா என்பதுதான் வாரம் முழுக்கப் பேச்சு.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். பித்தப்பையில் கல். ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது, நன்றாகவே இருந்தாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளே போனில் பேசினாள்.

"நீ இங்கெல்லாம் வராதே. இவங்க என்னை ரெண்டு நாள்ல துரத்தி விட்டுடுவாங்க. நீ போய் அந்த நாற்காலியைப் பிடி."

"குரல் ஏம்மா ஒரு மாதிரி இருக்கு?"

"கஞ்சி குடிச்சா குரல் கஞ்சி மாதிரிதான் இருக்கும். போ, போ."

மாஸ்டரின் வித்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வித்தை ஒன்றே ஒன்றுதான். முதல் நாளே பலகையில் ஓங்கித் தட்டிச் சொல்லுவார்: "அர்த்தம் ஒரு திருடன். நீ வாயைப் பொளந்துக்கிட்டுக் கதை கேட்டுக்கிட்டு இருப்பே, அவன் உன் பையிலேர்ந்து மார்க்கை எடுத்துக்கிட்டுப் போயிடுவான். கீழேர்ந்து மேல படி. கடைசி வார்த்தையில ஆரம்பி. ஒவ்வொரு வார்த்தையையும் தனியா நிக்க வெச்சு விசாரி. என்ன சொல்றாங்கன்னு கேக்காதே. எப்படி எழுதியிருக்காங்கன்னு மட்டும் பாரு."

கேட்க அபத்தமாக இருக்கும். ஆனால் பலித்தது. நாமெல்லாம் மேலிருந்து கீழே படிக்கும்போது, கண் பாதி வார்த்தையைப் பார்க்கிறது, மனசு மீதியை நிரப்பிக்கொண்டு ஓடிவிடுகிறது. கீழிருந்து படித்தால் மனசுக்கு ஓட வழியில்லை. அரைப்புள்ளி மூன்று மாதம் எதையும் கீழிருந்தே படித்தாள். மருந்துச் சீட்டு, கடைப் பலகை, பேருந்துப் பின்பக்க விளம்பரம், எல்லாம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அம்மா "சாப்பிட்டியா" என்று செய்தி அனுப்பியபோது, "கேள்விக்குறி எங்கே?" என்று பதில் போட்டாள். அம்மா அதை நர்ஸிடம் காட்டிப் பெருமைப்பட்டாளாம். பெற்றவளுக்கு எதில்தான் பெருமை வராது!

மாஸ்டர் அச்சடித்த கேள்விகளைக் கையால் தொடமாட்டார். "புத்தகத்துல இருக்கிறது செத்த தப்பு. மனுஷன் பதறிக்கிட்டு எழுதறான் பாரு, அதுதான் உயிருள்ள தப்பு" என்பார். அவருக்குச் சரக்கு, பெற்றோர் எழுதும் லீவு லெட்டர்கள். உள்ளே நுழையும்போதே போனை வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட வேண்டும். வகுப்பு நடக்கும்போது யாரையும் கூப்பிடக் கூடாது. என்ன காரியமாக வந்தாலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். இது மையத்தின் சட்டம். எழுதிக் கொடுத்ததெல்லாம் மாஸ்டரின் கோப்புக்குள் போய், பெயர் மட்டும் நீங்கி, பலகையில் ஏறும். லீவு லெட்டர் என்றால் பொய் என்பது அங்கே எழுதப்படாத விதி. "இந்த வருஷம் மட்டும் பதினாறு தாத்தா செத்திருக்காங்க. அதுல ரெண்டு பேர் ரெண்டு தடவை செத்தாங்க" என்று மாஸ்டர் சொல்லும்போது வகுப்பே உருண்டு சிரிக்கும். உண்மையிலேயே தாத்தாவைப் பறிகொடுத்த பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். சிரிக்காமல் இருந்து பார்க்கட்டுமே!

சனிக்கிழமை ஒன்பதரைக்கு எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். எந்த லெட்டரும் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போது வரவேற்பு மேசை அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்து மடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.

"கீழ ஒருத்தர் நிக்கறாரு சார். ரொம்ப அவசரமாம்."

"இங்க யாரு அவசரமில்லாம வந்திருக்காங்க? உட்காரச் சொல்லு."

"பார்த்தா பாவமா இருக்கு சார்."

"பாவமா இருந்தா தண்ணி குடு. டெஸ்ட் முடியற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கப் போறதில்ல."

அக்கா இறங்கிப் போனாள். மாஸ்டர் தாளைப் பிரித்தார். அவரும் கீழிருந்துதான் படிப்பார், பழக்கதோஷம். சிவப்புப் பேனா வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும் பேனா ஒரு கணம் நின்றது. ஒரு பெயரை அடித்தார். பிறகு நிமிர்ந்து வகுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"புதுச் சரக்கு. அடுப்புலேர்ந்து இப்பத்தான் இறக்கினது. எடுங்க பேப்பரை."

அவருக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். பெயரை அடித்தவருக்கு யார் பெயர் என்று தெரியாமல் இருக்குமா? பதினேழாவது பொய் என்று நினைத்தார், அவ்வளவுதான். இருபது பிழையோடு ஒரு லெட்டர் கையில் கிடைத்தபோது அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தேவைப்பட்டது.

பலகையில் கடைசி வரியை முதலில் எழுதினார். அதற்கு மேல் அதற்கு முந்தின வரி. இப்படி ஏறி ஏறி உச்சி வரை போய் நின்றார். அங்கிருந்த நாற்பது பேரும் கீழிருந்து படித்தார்கள். நீங்கள் மேலிருந்தே படிக்கலாம், உங்களுக்கு யாரும் நாற்காலி தரப்போவதில்லை:

ஐயா வனக்கம் உங்கலிடம் படிக்கும் என் மகளை
உடனே அனுப்பி வைக்கவும் அவள் அம்மாவுக்கு காலையில்
திடிர் என்று முடியாமல் போய்விட்டது டாக்டர்கள்
கையை விரித்து விட்டார் நினைவு இருக்கும்போதே
பிள்ளையை பார்க்க வேண்டும் என்று கேட்க்கிறாள்
வண்டியை நிறுத்தி வைத்து வாசலில் உட்காந்து இருக்கிறேன்
பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் நானே சொல்லி கொள்கிறேன்
தயவுசெய்து சீக்கிறம் அனுப்பவும்

"நாற்பது நிமிஷம். எத்தனை பிழைன்னு சொல்ல மாட்டேன்" என்றார் மாஸ்டர்.

அரைப்புள்ளி அடியிலிருந்து பிடித்தாள். அனுப்பவும்: முற்றுப்புள்ளி இல்லை. சீக்கிறம்: வல்லின றகரம் தப்பு. கொள்கிறேன்: முற்றுப்புள்ளி இல்லை. சொல்லி கொள்கிறேன்: ஒற்று மிகும். வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நின்றன, சோதனை முடிந்து நகர்ந்தன. உட்காந்து. கேட்க்கிறாள். பத்து நிமிஷத்தில் பதினைந்து பிடித்துவிட்டாள். காது மடல் சூடாகிவிட்டது. பக்கத்தில் கொக்கியின் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அவன் நின்றால் இவளுக்கு மூச்சு வந்தது. அவன் எழுதினால் இவள் பேனாவும் வேகமெடுத்தது. அம்மாவுக்கு, காலையில் என்ற இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே ஒரு 'க்' வைத்துவிட்டு மேலே போனாள்.

உச்சியைத் தொட்டபோது இருபது. கொக்கி பேனாவை மூடிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் இருபதுதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேரும் சமமென்றால் போன தேர்வு மார்க்கைப் பார்ப்பார்கள். போன தேர்வில் அவன் அரை மார்க் கூட. அவ்வளவுதான், போச்சு. கடை, கண்ணாடி, துடைக்கிற துணி, மாமாவின் சிரிப்பு என எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. ஐந்து நிமிஷம் மீதமிருந்தது. மறுபடியும் கீழிருந்து கிளம்பினாள்.

ஐந்தாவது வரியில் 'என்று' என்ற வார்த்தை சாதுவாக உட்கார்ந்திருந்தது. 'என்று' வந்தால் அதற்கு முன்னால் யாராவது பேசியிருக்கிறார்களா என்று தேடு. பேசியிருந்தால் மேற்கோள்குறி போடு. எட்டாம் வகுப்பு விதிதான். அவள் தேடினாள். வேண்டும், பார்க்க, பிள்ளையை, இருக்கும்போதே, நினைவு. யாரோ ஒருத்தி பேசியிருக்கிறாள்! அரைப்புள்ளி சந்தோஷத்தில் பேனாவை இறுக்கிப் பிடித்தாள். 'நினைவு' என்பதற்கு முன்னால் ஒரு மேற்கோள்குறி, 'வேண்டும்' என்பதற்குப் பின்னால் ஒன்று. இருபத்தொன்று.

தாள்களைத் திருத்திய மாஸ்டர் கொக்கியின் தாளில் இருபது என்று எழுதித் தலையாட்டினார். அரைப்புள்ளியின் தாளில் நின்றார். தன் கையிலிருந்த லெட்டரை எடுத்துப் பார்த்தார். மறுபடி அவள் தாளைப் பார்த்தார்.

"நானே விட்டுட்டேன்டா இதை!" என்றார். வகுப்பு ஓவென்று கத்தியது. மாஸ்டர் விட்டதை ஒருத்தி பிடிப்பது அந்த மையத்தில் அதுவரை நடந்ததில்லை. "கொக்கி, கையை எடு நாற்காலியிலேர்ந்து. அரைப்புள்ளி, வா. போஸ்ட்மார்ட்டம் நீதான் பண்ணணும்."

ஜெயித்தவர் பலகையில் பிழைகளைத் திருத்திக் காட்டுவதற்கு அங்கே போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். வெறுமனே திருத்தினால் கைதட்டல் கிடைக்காது. எழுதியவரைப் பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டும். முதல் அறைக்குப் போகிறவர் எவ்வளவு சிரிக்க வைத்தார் என்பதை வருஷக்கணக்காகப் பேசுவார்கள். அரைப்புள்ளி பலகைக்கு முன்னால் போய் நின்றாள். இத்தனை நாள் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் கிடந்தவள். நாற்பது முகமும் அவளையே பார்த்தன. நன்றாக இருந்தது.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இவருக்கு முற்றுப்புள்ளின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தொடங்கினவர் மூச்சே விடல. பின்னாடி நாய் துரத்தியிருக்கும்."

சிரிப்பு கிளம்பியது.

"சீக்கிறம்னு எழுதியிருக்காரு. இந்த 'ற'வை மாட்டிக்கிட்டு எவனாலயாவது சீக்கிரம் போக முடியுமா? அதான் வாசல்லயே உட்கார்ந்துட்டாரு."

மாஸ்டரே மேசையைத் தட்டினார். அவளுக்குச் சூடு பிடித்துவிட்டது.

"டாக்டர்கள், விட்டார். வந்தது நாலஞ்சு பேரு, கையை விரிச்சது ஒருத்தர் மட்டும். மத்தவங்க கையைப் பாக்கெட்ல வெச்சிருந்தாங்களோ என்னவோ!"

"லீவு லெட்டர்னாலே அம்மாதான் படுக்கறாங்க. அப்பாக்கள் எல்லாம் கல்லு மாதிரி இருப்பாங்க போல!" என்று பின்னாலிருந்து கொக்கி எடுத்துக் கொடுத்தான். தோற்றவன் காட்டும் பெருந்தன்மை. அரைப்புள்ளிக்கு அப்போது ஆஸ்பத்திரியிலிருக்கும் தன் அம்மா ஞாபகம் வந்தது. வந்தது, போனது. அம்மாவிடம் இதையெல்லாம் நடித்துக் காட்ட வேண்டும், தையல் பிரிந்துவிடப் போகிறது சிரித்து, என்று நினைத்துக்கொண்டாள். பிறகு உரக்கக் கேட்டாள்: "கேட்க்கிறாள்னு எழுதியிருக்காரே, இந்த 'க்' எதுக்கு? அந்தம்மாவுக்கு விக்கல் எடுத்துடுச்சா?"

கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். சன்னல் திறந்திருந்தது. கீழே தெருவில் போனவர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

பன்னிரண்டாவது நாற்காலியின் எண் அச்சிட்ட அட்டையை மாஸ்டர் அவள் கையில் கொடுத்தார். "கீழ உங்கப்பா உட்கார்ந்திருக்காராம். போய் நல்ல சேதியைச் சொல்லிட்டு வா" என்றார். அவள் இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினாள். அப்பா கடையை விட்டுவிட்டு அவளுக்காக வந்து காத்திருக்கிறார்! அம்மாதான் அனுப்பியிருப்பாள், சேதி தெரியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

கண்ணாடிக் கடைக்காரர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வேலைச் சட்டையோடே இருந்தார், பைக்குள் கண்ணாடி அளக்கும் டேப். கையில் போனைப் பிடித்திருந்தார், அது அணைந்திருந்தது. வரவேற்பு அக்கா வைத்த தண்ணீர் தொடாமல் பக்கத்தில் இருந்தது.

"அப்பா! கிடைச்சுடுச்சுப்பா! நாற்காலி எனக்குத்தான்! அம்மாவுக்கு முதல்ல போன் போடுங்க."

அவர் எழுந்து நின்றார். அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"அம்மா போயிட்டாம்மா" என்றார்.

எங்கே என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

"பத்தே முக்காலுக்கு மாமா போன் பண்ணினான். காலையில எட்டரைக்குத்தான் திடீர்னு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. ரத்தக் கட்டி நெஞ்சுக்குப் போயிடுச்சாம். நினைவோடதான் இருந்தா. உன்னைத்தான் கேட்டா. பிள்ளையைப் பார்க்கணும், பிள்ளையைப் பார்க்கணும்னு அதே பேச்சு. உன் போன் எடுக்கல. அதான் வண்டி பிடிச்சு ஓடி வந்தேன். எழுதிக் கொடுக்கணும்னு சொன்னாங்க. எழுதிக் கொடுத்தேன்."

"என்னப்பா எழுதினீங்க?"

"என்னத்தை எழுதினேன்! என் மகளை உடனே அனுப்பி வைங்க, அவ அம்மாவுக்குக் காலையில திடீர்னு முடியாம போயிடுச்சு, டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க, நினைவு இருக்கும்போதே பிள்ளையைப் பார்க்கணும்னு கேக்கறா..."

அவர் மேலிருந்து கீழே சொல்லிக்கொண்டு போனார். மூன்று மாதத்தில் முதல்முறையாக வார்த்தைகள் அவளுக்கு அந்த வரிசையில் வந்தன. ஒன்று கையைப் பிடித்து இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மாடியில் என்ன சொன்னாள் என்பதும் தெரியும். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல வந்திருக்கலாமேப்பா" என்றாள்.

"விடல. அப்புறம் நீங்க எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டுது. உன் குரலும் கேட்டுது, ஏதோ பேசினே. பேச்சு புரியல, குரல் தெரிஞ்சுது. அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சு போயிருந்துது. சரி, இன்னும் பத்து நிமிஷமாவது பிள்ளை சிரிச்சுட்டு வரட்டும்னு உட்கார்ந்துட்டேன்." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "தப்பு என் மேலதாம்மா. கை நடுங்கிக்கிட்டே எழுதினேன். உங்க சாருக்குப் புரியல போல. புரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பாரு. அவ்வளவு மோசமாவா எழுதிட்டேன்?"

"இல்லப்பா." அவள் அழ ஆரம்பித்திருந்தாள். அந்த மனுஷன் ஆயுசுக்கும் அந்தப் பழியைத் தூக்கிச் சுமக்கக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. "நல்லாப் புரியற மாதிரிதான் எழுதியிருந்தீங்க."

அப்பா அவளைப் பார்த்தார்.

"நீ படிச்சியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நிமிர்ந்து மாடிச் சன்னலைப் பார்த்தார். அங்கே இன்னமும் யாரோ "விக்கல், விக்கல்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மகளைப் பார்த்தார். ஒரு நூல் பிசகினாலும் கண்ணாடியை அப்படியே ஒதுக்கி வைத்துவிடுகிற கண்.

"அப்போ அந்தச் சிரிப்பு..." என்று தொடங்கினார்.

நாற்காலி அட்டையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். வாசலில் வண்டி இன்னமும் நின்றுகொண்டிருந்தது. அவளுக்காகப் பின்கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி, அவருக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.